தண்ணிக் கேஸ்

கல்முனைக்குத் தெற்கே, பிரதான வீதிக்கும் கடலுக்கும் நடுவில், ஒரு சுனாமி வீட்டுத்திட்டம் இருக்கிறது. நாலு மாடிக் கட்டடங்கள், முந்நூறு குடும்பங்கள். அந்த முந்நூறு குடும்பமும் சுபஹு பாங்கோடு எழும்பிச் செய்கிற முதல் காரியம் எந்தப் பைப்பில் இறங்கி எங்கே போய்ச் சேருகிறது என்று அவர்களில் ஒருவரும் யோசித்ததில்லை. யோசிக்கத் தேவையும் இருக்கவில்லை. அதற்குத்தான் ஆதம்பாவா இருந்தார்.

வீட்டுத்திட்டத்தின் வடக்கு மூலையில், தென்னைகளுக்குப் பின்னால், கம்பி வேலி அடைத்த வளவுக்குள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. பதினாலு வருசமாக அங்கேதான் அவருக்கு வேலை. பம்ப் போடுவது, வால்வு திறப்பது, அடைப்பெடுப்பது, ஊரிலுள்ள கக்கூஸ் குழிகளை உறிஞ்சிக்கொண்டு வருகிற கலி பவுசர் லொறியை உள்ளே விட்டுக் கொட்டவைப்பது. உள்ளூராட்சிச் சபையின் கடிதத்தில் அவர் 'இயந்திர இயக்குநர்'. ஊரில் வேறு பெயர். அந்தக் கரையில் ஆதம்பாவா என்ற பெயருக்குப் பஞ்சமில்லை, ஆகவே ஆளுக்கொரு அடைமொழி வேண்டியிருந்தது. ஐஸ் ஆதம்பாவா இருக்கிறார், லொறி ஆதம்பாவா இருக்கிறார். இவருக்கு வைத்ததை எழுதக் கை கூசத்தான் செய்கிறது. எழுதாவிட்டால் கதை விளங்காது. பீத்தண்ணி ஆதம்பாவா.

அவர் அந்த வேலைக்கு ஆசைப்பட்டுப் போனவரல்ல. தோணியும் வலையும் சுனாமியில் கடலோடு போயின. அதற்குப் பிறகு கடலில் இறங்கும் மனமும் போய்விட்டது. நிலையத்துக்கு ஆள் வேண்டும் என்று சபை அறிவித்தபோது ஊரிலிருந்து ஒரு விண்ணப்பம் கூடப் போகவில்லை. சந்திக்குச் சந்தி வேலையில்லாமல் நின்ற வாலிபர்கள் எல்லாரும் அன்றைக்கு மட்டும் பெரிய வீட்டுப் பிள்ளைகளாகிவிட்டார்கள். ஆதம்பாவா போனார். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தார்கள். பெண்பிள்ளைக்கு ஒரு கூரை போட்டுக் கொடுக்காமல் இந்தக் கரையில் ஒரு வாப்பா நிம்மதியாகக் கண்ணை மூட முடியாது. அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பேரையும் கரைசேர்த்தார். மருமகன்மார் இருவரும் வெளியூர். உள்ளூரில் மாப்பிள்ளை கேட்டுப் போன இடங்களில் தேத்தண்ணி கொடுத்து, பல்லைக் காட்டி, அனுப்பிவிட்டார்கள்.

அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது வட்டிலப்பம்.

அவருடைய மனைவி மைமூனாவின் வட்டிலப்பம் லேசுப்பட்டதல்ல. கித்துள் கருப்பட்டி, தேங்காயின் முதற்பால், முட்டை, ஏலம் சேர்த்து அவித்தெடுப்பது. கரண்டி வைத்தால் ஆட வேண்டும், உடையக் கூடாது. பெருநாள் காலையில் அக்கம்பக்கத்துக்குக் கோப்பை அனுப்புவதும், வந்த கோப்பையை வெறுமனே திருப்பாமல் ஒரு பிடி சீனியாவது போட்டுத் திருப்புவதும் ஊர் வழக்கம். ஆதம்பாவா நிலையத்தில் சேர்ந்த முதல் வருசம் மைமூனா பதினொரு வீட்டுக்கு அனுப்பினாள். பதினொரு கோப்பையும் சீனியோடு திரும்பி வந்தன. அன்று பின்னேரம் புடவை காயப்போடப் பின்வளவுக்குப் போனவள் கண்டது, மேல்மாடிக்காரியின் ஆடு வட்டிலப்பம் தின்றுகொண்டிருந்ததை. ஆடு ருசித்துத்தான் தின்றது.

"நாம குடுக்கிறதக் குடுப்பம். அவங்கட நெஞ்சு அவங்களோட" என்றாள் மைமூனா. பிடிவாதமாக ஒவ்வொரு பெருநாளும் அனுப்பினாள். ஊரிலுள்ள ஆடுகள் கொழுத்தன. ஆதம்பாவா வேலை முடிந்து மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் குளித்து, அத்தர் பூசித்தான் வீட்டுக்குள் வருவார். அப்படியிருந்தும் பள்ளிவாசலில் அவர் தொழ நின்ற வரிசையில் பக்கத்து ஆளின் தோள் அவரில் முட்டாது. மௌத்தாவதற்கு முன்னால் இந்த ஊர் தன் வீட்டுக் கையால் ஒரு வாய் தின்ன வேண்டும். அவருக்கிருந்த ஒரே ஆசை அதுதான். ஹஜ்ஜுக்குப் போகிற ஆசையைக்கூட அதற்குப் பிறகுதான் வைத்திருந்தார்.

2021இல் நிலையத்துக்குப் புதுத் திட்டம் ஒன்று வந்தது. கூடவே காரைதீவிலிருந்து சுஜிந்தன் என்ற இஞ்சினியரும் வந்தார். கழிவு புளிக்கிற தாங்கியைக் கறுப்பு ரப்பர் விரிப்பால் மூடினார்கள். பத்து நாளில் அது ஊதி எழும்பி, வளவுக்குள் ஒரு திமிங்கிலம் கரையொதுங்கிக் கிடக்கிற மாதிரிக் கிடந்தது. உள்ளே எரிவாயு, ஊர்ப் பேச்சில் கேஸ். துரு ஏறிய இரும்புத்தூள் நிறைத்த பீப்பாய் ஒன்றுக்குள்ளால் அதை இழுத்து நாற்றத்தை எடுத்தார்கள்.

"இந்தக் குழிகள்ல இருந்து சும்மா எழும்பிப் போற கேஸ், கரிப்புகையை விடக் கன மடங்கு மோசம் காக்கா" என்று, ஊர் வழக்கப்படி அவரை அண்ணனாக்கி, சுஜிந்தன் விளக்கினார். "மேல போய்ப் போர்வை போட்ட மாதிரிப் பூமியச் சூடாக்கும். அத எரிச்சிட்டம் எண்டா அந்த வேகம் அடங்கிரும். எரிக்கிற சூட்டில இஞ்சின் ஓடும், பம்ப் ஓடும். டீசலும் வேணாம், கரண்டும் வேணாம்."

ஆதம்பாவா கொஞ்சம் யோசித்தார். "அப்ப, விட்டாப் பாவம், எரிச்சா நன்மை?"

"அவ்வளவுதான் காக்கா. நாங்க முந்நூறு பக்கத்தில எழுதி வச்சிரிக்கிறதும் அதத்தான்."

முதன்முதலாகப் பற்றவைத்த நாளில் சுவாலை நீலமாக நின்றது. மஞ்சள் ஒரு துளியும் இல்லை. ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு தன்னிடம் தள்ளிவிட்டதற்குள் இப்படி ஒரு நிறம் இருந்திருக்கிறது என்று ஆதம்பாவா வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். பதின்மூன்று வருசத்தில் அந்த வேலை மீது அவருக்கு வந்த முதல் காதல் அதுதான்.

அடுத்த வருசம் நாடு கடனில் கவிழ்ந்தது. பங்குனி மாதத்தில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. சமையல் கேஸ் சிலிண்டர் என்பது கண்ணால் காணக் கிடைக்காத சாமானாயிற்று. பிரதான வீதி நெடுகிலும் வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியில் கோத்து வைத்துவிட்டு மனிதர்கள் நாள்கணக்கில் நிழல் தேடினார்கள். அந்த நாட்களில் வீட்டுத்திட்டத்தின் மேல்தாங்கிக்குத் தண்ணீர் ஏறியது ஆதம்பாவாவின் கேஸ் இஞ்சினால்தான். தண்ணீர் வந்தது, ஆகவே எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நோன்புக்கு இரண்டு நாள் இருக்க, பள்ளித் தலைவர் மீராசா ஹாஜியார் நிலையத்தின் கேற்றடிக்கு வந்தார். புடவைக்கடை முதலாளி, பள்ளிக்கு அடுத்த மதில் வீட்டுக்காரர், ஊரில் அவர் இருமினால் மற்றவர்கள் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். மூக்கில் கைக்குட்டை.

"ஆதம்பாவா, பள்ளிக்குக் கஞ்சி காய்ச்ச ஒரு சிலிண்டர் இல்ல. உன்ட இஞ்சின் ஏதோ கேஸில ஓடுதாமே?"

"ஓம் ஹாஜியார்."

விறகில் காய்ச்சியிருக்கலாம். ஆனால் பள்ளியின் சமையலறைக்கு அந்த வருசம்தான் பளிங்குக்கல் பதித்திருந்தார்கள். அதில் கரி பிடிக்கவிடத் தலைவருக்கு மனமில்லை.

"அது என்ன கேஸ்?"

ஆதம்பாவா வாயைத் திறந்தார். தன் பட்டப்பெயர் தொண்டைக்குள் வந்து நின்றது. அதை முழுதாகச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. முதல் எழுத்தை விழுங்கினார்.

"தண்ணில இருந்து எடுக்கிற கேஸ், ஹாஜியார்."

அவருடைய தலைக்கு மேலே, ஆள் தலை அளவு எழுத்தில், 'கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்' என்ற பலகை தொங்கியது. இருபது அடி தள்ளிக் கலி பவுசர் ஒன்று கொட்டிக்கொண்டு நின்றது. மீராசா ஹாஜியார் பலகையைப் பார்த்தார், பவுசரைப் பார்த்தார், மூக்கிலிருந்த கைக்குட்டையை எடுத்துப் பையில் வைத்தார்.

"தண்ணிக் கேஸ்" என்றார். "அல்ஹம்துலில்லாஹ். தண்ணி பரக்கத்தான சாமான்."

பொய் சொன்னவர் யார் என்று பிறகு ஊரில் பெரிய வழக்கு நடந்தது. அந்த நிலையத்துக்குள் என்ன வருகிறது என்று தெரியாத மனிதன் அந்த ஊரில் ஒருவன்கூட இல்லை. காலையில் அனுப்பிவைப்பதே அவனவன்தான். அவர்களுக்கு அன்று தெரிய வேண்டியிருக்கவில்லை. கேட்டவருக்குத் தேவைப்பட்ட சொல்லை, கேட்கப்பட்டவர் வெட்கத்தில் கொடுத்துவிட்டார். நடந்தது இவ்வளவுதான்.

பைப் புதைக்கும்போது சுஜிந்தன் கேட்டார். "பள்ளியில விளக்கமாச் சொல்லிட்டீங்களா காக்கா, இது என்ன கேஸ் எண்டு?"

"சொன்னன் தம்பி" என்றார் ஆதம்பாவா. சுஜிந்தனுக்குச் சந்தோசம். வேறு ஊர்களில் இதற்கெல்லாம் சம்மதிக்கமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். இந்த ஊர் மக்களின் மனப்பக்குவத்தைப் பற்றி அறிக்கையில் ஒரு பந்தி எழுத வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டார்.

நிலையத்திலிருந்து தென்னைகளுக்குக் கீழாலும், மீராசா ஹாஜியாரின் மதிலோரமாகவும் போய், பள்ளிச் சமையலறைக்குள் பைப் ஏறியது. நோன்பு பிடித்த முதல் நாள் நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு மூன்று பெரிய கிடாரங்களின் கீழே நீலச் சுவாலை எழும்பியது. கஞ்சி கொதித்தது. இஞ்சி, உள்ளி, ரம்பை, இறைச்சி வாசத்தில் பள்ளி வளவு நிறைந்தது. சுற்றிலுமுள்ள பள்ளிகளில் பாதிக் கஞ்சி, கஞ்சியே இல்லாத நாள் என்று இருக்க, இந்தப் பள்ளியில் மட்டும் முப்பது நாளும் தட்டுப்பாடில்லை. பக்கத்து மஹல்லாக்காரர்கள்கூட வாளியும் சருவமும் கொண்டு வரிசையில் நின்றார்கள்.

அடுப்புப் பற்றவைக்க ஒவ்வொரு நாளும் ஆதம்பாவா வர வேண்டியிருந்தது. "தண்ணிக் கேஸ் வந்திட்டார், தண்ணிக் கேஸ் வந்திட்டார்" என்று வழிவிட்டார்கள். பட்டப்பெயர் மாறிவிட்டது. நோன்பு திறக்க இப்தாருக்கு உட்காரும்போது ஒருநாள் பக்கத்தில் இருந்தவர் தன் ஈத்தம்பழத்தைப் பிய்த்து, பாதியை அவரது கையில் வைத்தார். மீராசா ஹாஜியார் ஜும்ஆவுக்குப் பிறகு எழும்பி நின்று, "நம்மட ஆதம்பாவா இல்லாட்டி இந்த நோன்புல கஞ்சி இல்ல" என்று மைக்கிலேயே சொன்னார். ஆதம்பாவா தலையைக் குனிந்துகொண்டார். அந்த எழுத்து அப்போதும் தொண்டைக்குள் இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று முப்பது நாள் போயிற்று. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பதினாலு வருசம் பசித்தவனிடம், தின்கிற நேரத்தில் வாயிலிருந்து எடு என்று சொல்ல யாரால் முடியும்?

பெருநாள் வந்தது. மைமூனா பதினொரு வீட்டுக்கு அனுப்பினாள். முதன்முறையாக மதில் வீட்டுக்கும் ஒன்று, பன்னிரண்டாவதாக. பகலாவதற்குள் கோப்பைகள் திரும்பின. மைமூனா ஒவ்வொன்றாக எடுத்து ஆதம்பாவாவின் முன்னால் வைத்தாள்.

"பாருங்க. சீனி போட்டிரிக்காங்க. ஆனா கோப்பய பாருங்க. விரலால வழிச்சித் திண்டிரிக்காங்க."

பின்வளவுக்குப் போய் ஆடு நிற்கிறதா என்றும் பார்த்துவிட்டு வந்தாள். ஆடு இல்லை. மீராசா ஹாஜியாரின் மனைவி சுபைறா போன் எடுத்து, "எத்தின முட்ட போட்டாய் மைமூனா? நம்மட ஊட்டுல இப்பிடி வருதில்ல" என்று கேட்டாள். மைமூனா பதினொன்று என்று சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகு அழுதாள். ஆதம்பாவாவும் அழுதார். இதற்காக அழுகிற ஆண்பிள்ளையை யாராவது பரிகசித்தால் பரிகசிக்கட்டும்.

பெருநாள் முடிந்து எட்டாம் நாள் சுஜிந்தனின் அறிக்கை வெளியே போனது. நல்ல மனிதர், நல்லதைத்தான் எழுதியிருந்தார். எவ்வளவு கேஸ் வீணாகாமல் எரிந்தது, எவ்வளவு காபன் குறைந்தது, மக்கள் எவ்வளவு மனமுவந்து ஏற்றுக்கொண்டார்கள் என்று கணக்கோடு எழுதி, கஞ்சிக் கிடாரத்துக்குப் பக்கத்தில் அகப்பையோடு நிற்கிற மீராசா ஹாஜியாரின் படத்தையும் வைத்திருந்தார். யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் படத்தை எடுத்து முகநூலில் போட்டு, மேலே தலைப்பும் எழுதினான்: 'மலக்கழிவில் வெந்த நோன்புக் கஞ்சி.'

பின்னேரம் அஸர் தொழுகைக்குள் அது ஊரிலுள்ள எல்லாப் போனுக்கும் வந்துவிட்டது. போன மாதம் குடித்த கஞ்சிக்கு அன்று மனிதர்கள் வாந்தியெடுத்தார்கள். சிலர் முப்பது நோன்பையும் திருப்பிப் பிடிக்க வேண்டுமா என்று கேட்டார்கள். இரண்டு வாளி நிறைய வாங்கிப் போய் மச்சாள் வீட்டுக்கும் கொடுத்தவர்கள்தான் கூடச் சத்தம் போட்டார்கள். பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான் என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய துயரம்.

இரவு இஷாத் தொழுகைக்கு முன்னரே பள்ளிச் சபை கூடியது. ஆதம்பாவாவை நடுவில் நிறுத்தினார்கள்.

"தண்ணிக் கேஸ் எண்டு நீ சொல்லல்லயா?" மீராசா ஹாஜியார் விரலை நீட்டினார். "என்ட மொகத்தப் பார்த்துச் சொல்லல்லயா?"

"சொன்னன் ஹாஜியார். ஆனா நீங்க பலகையப் பார்த்தீங்க."

"நான் பலகை படிக்கவா வந்தன்? ஊர நஜீஸ், அசுத்தத்தத் தின்ன வச்சிட்டியே!"

தீர்ப்பும் அவரே சொன்னார். பைப்பை வெட்ட வேண்டும். மூன்று கிடாரத்தையும் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் போட்டு. கழுவ வேண்டியது யார் என்று கேட்கவே தேவையில்லை.

தொழுகை நடத்துகிற பேஷ் இமாம் ஸிராஜ் மவுலவி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். ஏழு தரம் என்றதும் தலையை உயர்த்தினார். தொண்டையைச் செருமினார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

அடுத்த நாள் காலையில், தொழுமுன் கைகால் கழுவி வுழு எடுக்கிற குழாயடியில் குந்தியிருந்து ஆதம்பாவா கிடாரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது மவுலவி பக்கத்தில் வந்தார்.

"காக்கா, ஏழு தரம் கழுவுறது நாய்க்கும் பண்டிக்கும் உள்ள சட்டம். இதுக்கில்ல."

"அப்ப இதுக்கு எத்தின தரம், மவுலவி?"

மவுலவி சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதுக்குக் கழுவவே தேவையில்ல. நஜீஸ நெருப்பில எரிச்சி வாற புகைதான் நஜீஸ். குழில இருந்து நெருப்பில்லாம தானா எழும்புற ஆவி சுத்தம். சட்டக் கிதாபுல இரிக்கி. கக்கூஸ் ஆவி எண்டே இரிக்கி."

ஆதம்பாவாவின் கை நின்றது. "நேத்து ஏன் சொல்லல்ல?"

"தலைவர் கதைச்சி முடிச்ச பொறகு..." சொட்டிய குழாயொன்றை மவுலவி இறுக்கி அடைத்தார். "நான் இந்தப் பள்ளில தொழுவிக்கணும் காக்கா. புள்ளைகள் இரிக்கி."

"சரி மவுலவி" என்றார் ஆதம்பாவா. ஐந்தாம் தரம் முடிந்திருந்தது. மண்ணை அள்ளிப் போட்டு ஆறாம் தரம் தேய்த்தார். மண் கலந்த தண்ணீர் குழாயடிக் கானில் ஓடி, பள்ளிக் கக்கூஸ்களின் பைப்போடு சேர்ந்து, நேராக அவருடைய நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பற்றிப் பள்ளிச் சபைக்கு ஆட்சேபணை இருக்கவில்லை.

பட்டப்பெயர் திரும்பி வந்தது. முன்பு விட்ட எழுத்தோடு இப்போது 'கஞ்சி'யும் சேர்ந்துகொண்டது. சுஜிந்தன் மோட்டார் சைக்கிளில் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "காக்கா, நீங்க சொல்லிட்டன் எண்டுதானே சொன்னீங்க!"

"சொன்னன் தம்பி. ஒரு எழுத்த விட்டுட்டன்."

பள்ளிக்குப் போகாத கேஸைச் சும்மா விடவும் கூடாது, இஞ்சினுக்கு அவ்வளவு தேவையுமில்லை. ஆகவே வளவின் நடுவே ஒரு குழாயை நட்டு, நுனியில் எரியவிட்டார்கள். வைகாசி முழுக்க அது எரிந்தது. வேலிக்கு வெளியே, வெறும் சிலிண்டர்களின் வரிசை வீதியில் அசையாமல் நின்றது. தென்னோலையையும் பழைய கதவையும் எரித்து ஊர் சோறாக்கியது. உள்ளே ஊரின் கேஸ் ஆகாசத்தைப் பார்த்து எரிந்து முடிந்தது. ஆதம்பாவா கதிரை போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். எரித்தால் நன்மை என்று தானே சொன்னது அவருக்கு நினைவு வரும். யாருக்கு நன்மை என்று இஞ்சினியரிடம் கேட்காமல் விட்டது பிழை.

ஆனி மாதத்தில் ஒரு நாள் பகலில், ஊர் உறங்குகிற நேரத்தில், கேற்றில் தட்டுச் சத்தம். மீராசா ஹாஜியார். கைக்குட்டை இல்லை.

"சுகமா ஆதம்பாவா?"

"அல்ஹம்துலில்லாஹ்."

"நம்மட மருமகளுக்குப் புள்ள கெடச்சி நாப்பது ஆகல்ல. சுடுதண்ணி வைக்கவும் வழியில்ல. ஓலைப்புகை புள்ளைக்கு ஆகுதில்ல." மதில் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பைப் என்ட மதிலோடதானே போகுது?"

"ஓம். பள்ளிக்குள்ளதான் வெட்டின. மதிலடி வரைக்கும் கெடக்கு."

"அதுல ஒரு துண்டு... மண்ணுக்குள்ளால... ஒருத்தருக்கும் தெரியத் தேவல்ல."

ஆதம்பாவா அவரது முகத்தைப் பார்த்தார். திட்டியிருக்கலாம். கேற்றை அடித்துச் சாத்தியிருக்கலாம். ஊரைக் கூட்டியிருக்கலாம். அவர் சரி என்றார்.

"உங்களுக்கு வெக்கம் ரோசம் ஒண்டும் இல்லையா?" என்று மைமூனா கத்தினாள்.

"பொறுகா மைமூனா. கேஸ் போற ஊட்டுக்கு வட்டிலப்பமும் போகும். அவங்கட அடுப்பே நம்மட கையால எரியக்குள்ள, அவங்க எப்பிடி வேணாம் எண்டு சொல்லுவாங்க? அந்த ஊடு திண்டா ஊரே தின்னும்."

அவருடைய ஆசை இன்னும் சாகவில்லை. சில ஆசைகள் அடிக்க அடிக்கத்தான் தலை தூக்கும். இரண்டு நாளில் மதில் வீட்டு அடுப்பு எரிந்தது. சுபைறா ஒரு சொல்லும் சொல்லியனுப்பவில்லை. ஆனால் மூன்று கிழமை அந்தக் குடும்பம் குடித்த தேத்தண்ணியும், தின்ற சோறும், குழந்தைக்குக் குளிக்க வார்த்த சுடுதண்ணியும் ஆதம்பாவாவின் வால்வு வழியாகத்தான் போயின.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. மைமூனா இந்த முறை ஒரேயொரு கோப்பைதான் போட்டாள். ஆதம்பாவா கெஞ்சியதால் போட்டாள். பதினொரு முட்டை. வெள்ளைப் புடவைத் துண்டால் மூடி, நாலு மூலையும் முடிச்சுப்போட்டு, மதில் வீட்டுக்கு அனுப்பினாள்.

அரை மணித்தியாலத்தில் அந்த வீட்டு மருமகள் பஸ்மினாவே கோப்பையோடு வாசலில் நின்றாள். உடுப்பெல்லாம் நெய்யும் பொரித்த வெங்காயமும் மணத்தது. குர்பான் கொடுத்த இறைச்சியில் அங்கே அடுப்பில் புரியாணி ஏறியிருக்கிறது. முடிச்சு போட்டது போட்டபடியே இருந்தது.

"மாமி தரச் சொன்ன. ஊட்டுல எல்லாருக்கும் சீனி வருத்தமாம்." அவள் மைமூனாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கோப்பையைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். சீனி வருத்தக்காரர்கள் சீனியும் அனுப்பவில்லை.

மைமூனா கோப்பையைத் தூக்கிக் கணவனின் கையில் கொடுத்தாள். "கொண்டு போய் ஆட்டுக்குப் போடுங்க" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

ஆதம்பாவா கோப்பையோடு நிலையத்துக்கு நடந்தார். பெருநாள் உடுப்போடுதான். கேற்றைத் திறந்து உள்ளே போய், மதில் வீட்டுக்குப் போகிற வால்வை முழுக்கச் சுற்றி அடைத்தார். அடைத்த கேஸ் நடுக்குழாய்க்குப் போய், அங்கே சுவாலை ஒரு முழம் உயர்ந்தது. கோப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார்.

ஐந்து நிமிசம் ஆகவில்லை, போன் அடித்தது.

"ஆதம்பாவா," மீராசா ஹாஜியார் குசுகுசுத்தார். பின்னால் விருந்தாளிகளின் சத்தம், கோப்பைகளின் சத்தம். "கேஸ் நிண்டு போச்சு. தம் போடுற நேரம். என்ன நடந்த?"

"கேஸக் கழுவிக்கிட்டு இரிக்கன், ஹாஜியார்."

"என்ன?"

"ஏழு தரம் கழுவணுமே. இப்பதான் நாலாவது."

மறுமுனையில் யாரோ ஹாஜியாரைச் சிரித்துக்கொண்டு கூப்பிட்டார்கள். இப்போது திட்டுவார் என்று ஆதம்பாவா காத்திருந்தார். திட்டினால் திருப்பிச் சொல்ல இரண்டு மாதமாகச் சேர்த்து வைத்தது நெஞ்சு நிறைய இருந்தது. பலகை, பவுசர், பளிங்குக்கல், கிதாபு எல்லாம் வரிசையாக இருந்தன.

"சரி," என்றார் மீராசா ஹாஜியார் மெதுவாக. "எத்தின மணிக்கு முடியும்?"

சேர்த்து வைத்ததில் ஒன்றுகூட அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. ஆதம்பாவா போனை அணைத்துப் பையில் போட்டார். புடவையின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். நடுக்குழாயின் நுனியில் நீலமாக எரிந்துகொண்டிருந்த நெருப்பைப் பார்த்தபடி, கையால் அள்ளி அள்ளி, அந்த வட்டிலப்பம் முழுவதையும் தானே தின்று முடித்தார்.